பாலம் என்னும் தராசு

அன்பு நண்பா,

நியூபோர்ட் பாலத்துக்கு இவ்வளவு சின்ன மோட்டாரா என்று கேட்டிருந்தாய். நியாயமான சந்தேகம்தான். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் டீஸ் ஆற்றின் மேல் 1934-இல் திறக்கப்பட்ட, கப்பல்களுக்கு வழிவிடத் தளம் அப்படியே மேலே ஏறும் பாலம் அது. 82 மீட்டர் நீளத் தளம், 55 மீட்டர் உயரக் கோபுரங்களுக்கு நடுவே ஒன்றரை நிமிடத்தில் 30 மீட்டர் ஏறியது. தளத்தின் எடை 2,700 டன். வெறுமனே தூக்குவதென்றால் கிட்டத்தட்ட 12,000 குதிரைத்திறன் வேண்டும். இருந்ததோ 325 குதிரைத்திறனில் இரண்டு மோட்டார்கள். எல்லாம் கைவிட்டால் 12 பேர் எட்டு மணி நேரம் விஞ்ச் என்னும் கைச்சுழற்சி எந்திரத்தைச் சுற்றி ஏற்றிவிடலாம் என்று கணித்திருந்தார்கள்!

தளத்தின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான எதிர் எடை, கோபுர உச்சியின் கப்பிகள் மேல் போகும் கம்பி வடங்களின் மறுமுனையில் தொங்கியது, அவ்வளவுதான். மோட்டாரின் வேலை உராய்வையும் காற்றையும் சமாளிப்பது.

ஆனால் வடத்துக்கும் எடை உண்டே! தளம் கீழே இருக்கையில் வடம் தளத்தின் பக்கம் தொங்கும். ஏறியதும் எதிர் எடையின் பக்கம் போய்விடும். உயரமான பாலங்களில் இதைச் சரிக்கட்டத் தனியாகச் சங்கிலி கட்டுவார்கள். போதாததற்கு, தளத்தைக் கொஞ்சம் கனமாகவே விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் வண்டி ஓடும்போது தாங்கியில் உட்காராமல் துள்ளும்.

பழைய பாலங்களின் சமநிலையைக் கெடுப்பது பெரும்பாலும் சாலை வேலைதான். 82 மீட்டருக்குப் பத்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்; தார்க்கலவை 1 செ.மீ. கூடினாலே 19 டன் ஏறிவிடும். பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலே மேலே அடிப்பதும் அப்படியே. எதிர் எடைப் பெட்டியில் கட்டிகளைக் கூட்டவோ குறைக்கவோ குழிகள் விட்டிருப்பதே இதற்காகத்தான்.

எவ்வளவு சேர்ப்பது? சீரான வேகத்தில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் மோட்டார் தண்டின் முறுக்கு விசையை அள. உராய்வு இரண்டு திசையிலும் தடுக்கும். எடை வித்தியாசம் ஒரு திசையில் தடுக்கும், மறுதிசையில் உதவும். ஆகவே இரண்டு அளவின் வித்தியாசத்தில் பாதிதான் சமமின்மை. கூட்டுத்தொகையில் பாதி உராய்வு. உராய்வு மட்டும் வருஷா வருஷம் ஏறினால் எடையைத் தொடாதே, கப்பியின் பேரிங்கைப் பார். காற்று அடிக்கிற நாளில் எடுத்த அளவை நம்பவே நம்பாதே.

நியூபோர்ட் தளம் கடைசியாக ஏறியது 1990-இல். இப்போது அது வெறும் சாலைப் பாலம்தான். அடுத்த கடிதத்தில் வடங்களைப் பற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்