புது சர்வருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்

பெங்களூரில் செயற்கைக்கோள் படப் பிரிவுகளை நடத்தும் நம்மூர் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். "ஆர்த்தோ வேலை இழுக்கிறது, புது சர்வரும் ஜிபியு கார்டும் வேண்டும்" என்று ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கும், இல்லை வரப்போகிறது. ஆர்த்தோ என்றால், மேடு பள்ளத்தாலும் கேமரா சாய்வாலும் படத்தில் வரும் நகர்வை நீக்கி, வரைபடத்தோடு பொருந்தவைக்கும் வேலை. கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நாம் போடும் கணக்கில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்பதுதான் என் வாதம்.

இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் படத்தையே எடுத்துக்கொள்வோம். 2005இல் ஏவியது, 2.5 மீட்டர் பிக்சல், வரிக்கு 12,000 பிக்சல். சதுரமாக ஒரு காட்சி என்றால் 14.4 கோடி. இதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் டெம்மில் (தரை உயரத் தரவில்) உயரம் பார்த்து, ஆர்பிசியின் (தரைப்புள்ளியைப் படத்தோடு இணைக்கும் சூத்திரத்தின்) நான்கு பல்லுறுப்புக் கோவைகளிலும் தலா 20 உறுப்புகளைக் கூட்டி, வகுத்து, மூலப்படத்தில் அது எங்கே விழுகிறது என்று தேடுகிறோம். ஆனால் கையில் இருக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற டெம்மின் உயரமோ ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒன்று, அதாவது 12 பிக்சலுக்கு ஒன்று. நடுவில் வருவதெல்லாம் எப்படியும் பக்கத்து உயரங்களை வைத்துப் போடும் இடைக்கணிப்புதான். அப்புறம் எதற்கு 14.4 கோடி தடவை? 12 பிக்சலுக்கு ஒரு கட்டம் போட்டு, மூலைகளில் மட்டும் முழுக் கணக்குப் போட்டு, நடுவில் இருப்பதை இடைக்கணித்தால் 10 லட்சம் புள்ளிகளில் முடிந்துவிடும். நந்தி மலை, சாவனதுர்கா மாதிரி செங்குத்தான இடங்களில் மட்டும் கட்டத்தைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

நம்மில் பலர் ஜிடால்வார்ப் என்ற இலவச மென்பொருளில்தான் இதை ஓட்டுகிறோம். அது இதே மாதிரி ஒரு குறுக்குவழியை ஏற்கெனவே வைத்திருக்கிறது: வழக்கமாக 0.125 பிக்சல் வரை பிழையைப் பொறுத்துக்கொண்டு வேகமாகப் போகும். ஆனால் ஆர்பிசிக்கு டெம் கொடுத்துவிட்டால், சத்தமில்லாமல் அந்த எல்லையைச் சுழியமாக்கிக்கொண்டு ஒவ்வொரு பிக்சலாக உட்கார்ந்து கணக்குப் போடும். எல்லையை நாமே கட்டளையில் எழுதிக் கொடுத்தால்தான் பழைய வேகம் திரும்பும். இதைப் பார்க்காமல் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது டிஸ்க். செயற்கைக்கோள் சாய்வாகக் கடப்பதால், வடக்கு மேலே வரும்படி நாம் எழுதும் ஒரு வரி, மூலப்படத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளைக் குறுக்கே வெட்டும். கோப்பு வரிவரியாகச் சுருக்கப்பட்டிருந்து, வார்ப்புக்கு ஒதுக்கிய நினைவகமும் குறைவு என்றால், அதே வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிரித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மானிட்டரைப் பாருங்கள்: பெரும்பாலான கோர்கள் தூங்கும், டிஸ்க் மூச்சு வாங்கும். கோப்பை 512-க்கு 512 பிக்சல் டைல்களாக (சதுரத் துண்டுகளாக) மாற்றிவைத்து, நினைவகத்தைக் கூட்டிக் கொடுங்கள். இதைச் செய்யாமல் ஜிபியு வாங்கினால் அதுவும் சேர்ந்து தூங்கும்.

ரீசாம்பிளிங் (புதுப் பிக்சலுக்கு மூலப்படத்திலிருந்து மதிப்பு எடுக்கும் முறை) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காடு, ஏரி என்று பிரிக்கும் வகைப்பாட்டுக்குப் போகும் படத்துக்குக் க்யூபிக் போடாதீர்கள், அது பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பைக் கலந்துவிடும், அவ்வளவுதான்.

ஆனால் உயரத்தின் அடித்தளம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்பிசி எதிர்பார்ப்பது, பூமிக்குக் கணிதத்தில் வைத்திருக்கும் வடிவமான நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்த உயரம். எஸ்ஆர்டிஎம் தருவது கடல்மட்டத்திலிருந்து. பெங்களூரில் இந்த இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம், உலகின் பெரிய ஜியாய்டு (ஈர்ப்பால் அமையும் கடல்மட்டப் பரப்பு) பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருப்பதால். கார்ட்டோசாட்-1இன் முன்பக்கக் கேமரா 26 டிகிரி சாய்ந்து பார்த்தது. அதில் 80 மீட்டர் உயரப்பிழை என்றால் தரையில் ஏறக்குறைய 39 மீட்டர் நகர்வு, 15 பிக்சலுக்கும் மேல். இந்த நகர்வைக் கட்டுப்பாட்டுப் புள்ளி (தரையில் இடம் தெரிந்த புள்ளி) வைத்து வைத்து இழுத்துச் சரிசெய்ய ஒரு பெண்ணோ பையனோ உட்கார்ந்திருக்கும் நேரம் எந்த சர்வர் கோப்பிலும் வருவதில்லை. டெம்மின் உயரங்களை ஒரு தடவை நீள்வட்டக் கோளத்துக்கு மாற்றிச் சேமித்துவிட்டால் வேலை முடிந்தது.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? ஏதாவது ஒரு காட்சியை, மலையும் ஏரியும் கலந்ததாகப் பார்த்து, அதே மாற்றிய டெம்மை வைத்து, ஒவ்வொரு பிக்சலாக ஒரு தடவையும் குறுக்குவழியில் ஒரு தடவையும் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கழித்துப் பாருங்கள். நகர்வு கால் பிக்சலைத் தாண்டினாலோ, நேரம் மிச்சமாகாவிட்டாலோ, அந்த சர்வர் கோப்பில் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ராத்திரி ஆர்த்தோ ஓட்டிவிட்டுக் காலையில் பார்க்கும் ஒருவன்