பழசை விற்கட்டும், பறிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம்கள் புது மெருகோடு திரும்ப வருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிறுவயது நினைவைக் காசாக்குகிறார்கள் என்று கட்டுரையாளர் பொரிந்து தள்ளியிருக்கிறார். எனக்கு அதில் அவ்வளவு கோபம் இல்லை. வாங்க ஆள் இருந்தால் விற்பவர் விற்கத்தான் செய்வார். 2016 இறுதியில் நின்டெண்டோ நிறுவனம் தன் பழைய என்இஎஸ் கன்சோலை, அதாவது டிவியோடு இணைத்து கேம் ஆடும் கருவியை, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, 30 கேம்களை உள்ளேயே வைத்து வெளியிட்டது. கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

என் வருத்தம் வேறு. புதுசை விற்பதற்காகப் பழசைக் கடையிலிருந்தே எடுத்துவிடுகிறார்களே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசையின் மூன்று பழைய கேம்களைப் புதுப்பித்து ஒரே தொகுப்பாக 2021 நவம்பரில் அதன் நிறுவனமான ராக்ஸ்டார் வெளியிட்டது. அதற்கு முந்தைய மாதமே மூலப் பதிப்புகள் இணையக் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. சரி, வந்தது எப்படி இருந்தது? மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள், எதிரே வரும் வண்டி தெரியாது. ஒரு டோனட் கடையின் அடையாளமாக இருந்த பெரிய இரும்பு நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி வெறும் வளையமாகிவிட்டன. மென்பொருள் தானாக மெருகேற்றியதை யாரும் ஒருமுறை பார்க்கக்கூட இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த மூன்றில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸில் மூடுபனி போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு. பழைய பிளேஸ்டேஷன் 2 கன்சோலால் தொலைவில் உள்ளதையெல்லாம் வரைய முடியாது. அந்தக் குறையை மறைக்க அந்தப் பனி கைகொடுத்தது. ஆனால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே நெடுந்தூரம் கிடப்பதாக நம்மை நம்ப வைத்ததும் அதே பனிதான். அதை நீக்கிவிட்டு மலை மேல் ஏறிப் பார்த்தால், மொத்த மாநிலமும் மேசை மேல் பரப்பிய பொம்மை ஊர் மாதிரி தெரிந்தது.

ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. தன் கணினிக் கடையில் பழைய பதிப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய வானத்தின் தோற்றத்தைத் தரும் ஒளி அமைப்பு 2024 நவம்பரில்தான் எல்லாத் தளங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதாவது மூன்று வருடம் கழித்து.

வார்கிராஃப்ட் 3 கதை இன்னும் மோசம். 2002-இல் வந்த கேம் அது. அதன் புதுப்பித்த பதிப்பை அதை உருவாக்கிய பிலிஸார்ட் நிறுவனம் 2020 ஜனவரியில் வெளியிட்டபோது, பழையதை மட்டும் வைத்திருந்தவர்களும் இணையத்தில் ஆட வேண்டுமானால் புதிய நிரலுக்கே மாற வேண்டியிருந்தது. பழையதில் இருந்த கிளான் (ஆட்டக்காரர் குழு), தரவரிசை எதுவும் முதலில் அதில் இல்லை. புதுசை வாங்கி ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். புதுசை வாங்காமலே தன் பழைய கேமை இழந்தவருக்கு எதைத் திருப்பித் தருவது?

நின்டெண்டோவும் லேசுப்பட்டதில்லை. மூன்று பழைய மரியோ கேம்களின் தொகுப்பை 2020 செப்டம்பரில் வெளியிட்டு, 2021 மார்ச் 31 வரைதான் விற்போம் என்று முன்கூட்டியே அறிவித்து, சொன்னபடியே நிறுத்தியது. டிஜிட்டல் பதிப்பும் சேர்ந்துதான் போனது. கோப்புக்கு ஏது கையிருப்புத் தட்டுப்பாடு?

இத்தனைக்கும் பிறகு ரசிகர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், கம்பெனிக்குச் சம்பளமில்லாத வக்கீலாக வாதாடுகிறார்கள். பழையதை விற்பதில் லாபம் இல்லையாம், அவர்கள் பொருளை அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாமாம். தொண்ணூறுகளில், கன்சோல் சந்தையில் போட்டியிட்ட இரண்டு கம்பெனிகளுக்காக சேகா கட்சி, நின்டெண்டோ கட்சி என்று பிரிந்து மல்லுக்கட்டியவர்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. 2001-இல் சேகா கன்சோல் தொழிலை விட்டது. அதே வருடம் அதன் நட்சத்திரப் பாத்திரமான சோனிக், நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிகள் எப்போதோ கைகுலுக்கிவிட்டன; ரசிகர்கள்தான் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

விசுவாசம் கொஞ்சம் ஆட்டம் கண்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலைத் தினமும் ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்க வேண்டும், வாங்கி ஆடிய கேம் வட்டுகளைப் பிறருக்குக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. எக்ஸ்பாக்ஸ் பிரியர்களே கொதித்தெழுந்தார்கள். ஜூன் மாதத்திலேயே இரண்டும் கைவிடப்பட்டன. வாதாடியவர்களால் அல்ல, வாங்க மாட்டோம் என்றவர்களால் நடந்தது அது.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. 1972-இல் தொடங்கிய கேம் நிறுவனமான அடாரி எத்தனையோ கைமாறி, இன்று மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட பெயர் மட்டும்தான். ஆனால் அந்தப் பெயரில் 2022-இல் வந்த 50-ஆம் ஆண்டுத் தொகுப்பில் நூற்றுக்கு மேற்பட்ட கேம்களோடு, அவற்றை உருவாக்கியவர்களின் நேர்காணல்களும் பழைய ஆவணங்களும் கால வரிசையில் இருக்கின்றன. மனசு வைத்தால் முடிகிறது.

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மீதியிருப்பதையும் ரீமாஸ்டர் (பழைய கேமின் மெருகேற்றிய பதிப்பு) வரும்போதெல்லாம் கழற்றிக்கொண்டே போனால், பத்து வருடம் கழித்து உங்கள் கட்டுரையாளர் எதை எதோடு ஒப்பிட்டு எழுதுவார்?

அதனால் ஒரு வேண்டுகோள். ரீமேக் (பழையதைப் புதிதாகவே மறுபடி செய்வது), ரீமாஸ்டர் எதற்கு விமர்சனம் போட்டாலும், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் சேருங்கள்: மூலப் பதிப்பு இப்போது எங்கே, எந்தக் கருவியில் வாங்கக் கிடைக்கிறது என்று. எங்கும் கிடைக்காவிட்டால் அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்