சித்தி, அந்தக் கவரை இன்னும் கொடுக்காதீர்கள்

அன்புள்ள சித்தி,

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ஃப்ரிட்ஜ் மேல் இருந்த கவரைப் பார்த்தேன். விருப்ப ஓய்வு விண்ணப்பம். "எதுக்கு சித்தி இப்போ?" என்று கேட்டேன். "சித்தப்பா ரிட்டயர்டு ஆயிட்டாருல்ல, வீட்ல தனியா இருக்காருப்பா" என்றீர்கள். நான் ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

கணவனும் மனைவியும் எப்போது வேலையை விடுகிறார்கள் என்பதற்குத் தனி ஆராய்ச்சியே இருக்கிறது. கோர்ட்னி காய்ல் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலையில் தொடர்ந்தால் மனைவிக்கு எவ்வளவு லாபம் என்பதைப் பார்த்துக் கணவரும் தன் ஓய்வை முன்னே பின்னே நகர்த்துகிறார். கணவருடைய கணக்கு மனைவியின் முடிவை அசைக்கவில்லை. இதுதான் அவர் கண்டது. நம் வீட்டில் அப்படியே தலைகீழ்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்களுக்கு 55 முடிந்திருக்கிறது. தமிழக அரசு 2020-இல் ஓய்வு வயதை 58-இலிருந்து 59 ஆக்கியது, 2021-இல் 60 ஆக்கியது. ஆக இன்னும் ஐந்து வருடம். வருடத்துக்கு 3 சதவீத இன்க்ரிமென்ட் என்றால் ஐந்தும் சேர்ந்து அடிப்படைச் சம்பளம் கிட்டத்தட்ட 16 சதவீதம் ஏறும். நீங்கள் 1998-இல் ஆசிரியையாகச் சேர்ந்தவர். 2003 ஏப்ரலுக்கு முன்பு என்பதால் பழைய பென்ஷன், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அந்த 16 சதவீதம் பென்ஷனிலும் ஆயுசுக்கும் கூடவே வரும். சித்தப்பா முப்பது வருடம் மில்லில் உழைத்தும் அவருடைய பி.எஃப். (இபிஎஸ்) பென்ஷன் ஐயாயிரத்தைத் தொடவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் மேல் தப்பில்லை. சம்பளத்துக்கு 2014 வரை 6,500 ரூபாய், அதற்குப் பிறகு 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து, உழைத்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்த சூத்திரத்தில் அவ்வளவுதான் வரும். இந்த வீட்டின் கனமான சம்பளம் உங்களுடையது, சித்தி. அதைத்தான் முதலில் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

அன்றைக்கு நான் இருந்தது ஒரு மணி நேரம். எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். சிவப்புப் பேனாவை விரலிடுக்கில் வைத்தபடியே எழுந்து போய்ப் பால் பொங்காமல் பார்த்தீர்கள், திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள், இரண்டாவது காபிக்கு மறுபடி எழுந்தீர்கள். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது 2019-இல் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. 2024-இல் பெண்களுக்கு 289. பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டால், ஆண்களும் 88-க்கு இறங்கிவிட்டார்கள்! அரசு உங்களுக்கு ஓய்வு கொடுத்தாலும் இந்த 289-க்கு யார் ஓய்வு கொடுப்பார்கள்?

ஜப்பானில் 2006-இல் சட்டத்தை மாற்றி, 60 தாண்டியவர்களையும் கம்பெனிகள் வேலையில் வைத்திருக்கச் செய்தார்கள். அதை வைத்து பெர்டோனி, ப்ருனெல்லோ என்ற இரண்டு இத்தாலியர்கள் ஆராய்ந்ததில், கணவர் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற காலம் கூடக் கூட மனைவிக்கு மன அழுத்தமும் தூக்கமின்மையும் கூடியது தெரிந்தது. அங்கே அதற்கு ஒரு பெயரே உண்டு: 'ஓய்வுபெற்ற கணவர் நோய்'. இந்தப் பத்தியைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

அப்புறம், தங்கச்சிக்கு மார்கழியில் பிரசவம். ஆஸ்திரியாவில்கூட முதல் பேரக்குழந்தை பிறந்ததும் பாட்டிமார் வேலையை விடுவது கூடுகிறதாம். அது உங்கள் மனதிலும் ஓடுகிறது என்று தெரியும். அவளுக்கு ஒரு வருட மகப்பேறு விடுப்பு இருக்கிறது, உங்களுக்கு ஈட்டிய விடுப்பு சேர்ந்து கிடக்கிறது. முதலில் அதை எடுங்கள்.

முழங்கால் வலிக்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டே போக முடியவில்லை, பிள்ளைகளோடு கத்தியது போதும் என்று உங்களுக்கே தோன்றினால் சொல்லுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு நானே வண்டியில் கூட்டிப் போகிறேன். சித்தப்பாவுக்குக் காபி போட ஆளில்லை என்பதுதான் விஷயம் என்றால், வருகிற ஞாயிறு காலையிலேயே வந்துவிடுகிறேன். ஃபில்டரில் பொடியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பத்து வயதில் எனக்குக் காட்டிக்கொடுத்தது நீங்கள். அவருக்கு நான் காட்டிக்கொடுக்கிறேன். பொடி மட்டும் வாங்கி வையுங்கள்.