கதை கேட்கும் அரை மணி நேரம்

அன்புள்ள கலா,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. முதியோர் மனநல வார்டில் நோயாளிகளிடம் அவர்கள் கதையைக் கேட்கப் போகிறாயாமே, ரொம்ப சந்தோஷம்!

ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கு. கடைசி 10 நிமிடம் கதையை மூடுவதற்கு. ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆரம்பிக்காதே. கிளறிவிட்ட நினைவோடு அவர் விடிய விடிய விழித்திருப்பார், நைட் ஷிப்ட் தாதிக்குக் காரணமே தெரியாது. முடிக்கும்போது பேச்சை இன்றைக்குக் கொண்டு வா: மகள் வரும் நாள், மாலைக் கோப்பி.

சற்றுப் பக்கவாட்டில் உட்கார். ‘ஏன் அப்படிச் செஞ்சீங்க?’ என்றால் விசாரணை ஆகிவிடும். ‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க’ என்றால் ‘என்னத்தச் சொல்ல, மிஸ்ஸி’ என்று முடித்துவிடுவார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவரா? ‘காலையில வேலைக்கு எப்படிப் போவீங்க, சைக்கிளா?’ என்று கேள். அங்கிருந்து தானாக வரும்.

மனச்சோர்வு உள்ளவர் ஒரே குற்ற உணர்வைச் சுற்றிச் சுற்றி வருவார். ‘உங்க தப்பு இல்லை’ என்று மறுத்தால் இன்னும் வாதாடுவார். ‘அப்போ உங்ககூட யார் இருந்தாங்க?’ என்று கேட்டுப் பார், கதைக்குள் இன்னொரு ஆள் வருவார். யாரோ துரத்துவதாக நம்புகிறவரிடம் விவரம் தோண்டாதே, நம்பிக்கை இறுகிவிடும். தூக்கம், பயம் பற்றி மட்டும் கேள். மூச்சு வேகமாகி, பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தினால் அங்கேயே நிறுத்து. பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்.

மனநலத் தாதிமைப் பேராசிரியர் பில் பார்க்கர் 1990களில் இங்கிலாந்தின் நியூகாசலில் உருவாக்கிய ‘டைடல் மாடல்’ என்ற மனநலப் பராமரிப்பு முறையில், நோயாளியின் கதையை அவர் சொன்னபடியே, ‘நான்’ என்றே எழுதுவார்கள். நீயும் அப்படியே தமிழில் எழுதி, வாசித்துக் காட்டு, திருத்தச் சொல். ஆங்கிலக் குறிப்பு அதற்குக் கீழே வரட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடு: உயிருக்கு ஆபத்தான விஷயத்தை மறைத்து வைக்க மாட்டாய் என்று. கேட்ட பிறகு சொன்னால் ஏமாற்றியதாக நினைப்பார். உன் சொந்த அனுபவத்தைச் சொல்வதானால் இரண்டே வரி, மனதில் ஆறிப்போனது மட்டும். உடனே பேச்சை அவரிடம் திருப்பு. அவர் உனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

முதல் ஆளிடம் எந்தக் கேள்வி வேலை செய்தது என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வி