மூன்று கண் பாலம், வாய்க்கால் நடைபாலம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கும், வரி தந்த அத்தனை தலைக்கட்டுகளுக்கும் வணக்கம்.

ஓடை மேல் உள்ள நம் பழைய கல் பாலத்தையும் வாய்க்கால் நடைபாலத்தையும் சரிசெய்யும் வேலை முடிந்தது. பிள்ளைகள் மூன்று கண் பாலம் வழியாகவே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள், பால்காரர் ஊரைச் சுற்றாமல் மேலக்கரைக்கு வந்துவிடுகிறார். நீங்களே தினமும் பார்ப்பதுதான் என்றாலும், உங்கள் பணத்திலும் உங்கள் கையாலும் நடந்த வேலை இது. என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று எழுதி வைப்பது குழுவின் கடமை.

"மூன்று கண் பாலத்தை இடித்துவிட்டு பாக்ஸ் கல்வெர்ட் (பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம்) போடுங்கள்" என்று நம்மிலேயே பாதிப் பேர் சொன்னார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். நடுக்கண்ணுக்கு, அதாவது நடு வளைவுக்கு மேலே கைப்பிடிச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது, தூண் இடுக்கில் அரசஞ்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது, ஐப்பசி மழையில் வளைவுக் கல் ஒன்று கழன்று ஓடையில் விழுந்தது. போதாததற்கு, புளியரை வழியாகக் கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏற்றிப் போகும் டிப்பர்களில் சில, மெயின் ரோட்டில் நெரிசல் என்றால் நம் ஊருக்குள் புகுந்து இந்தப் பாலத்தின் மேலேயே போய்க்கொண்டிருந்தன. மனு கொடுக்கப் போன ஓர் அலுவலகத்தில், இந்தப் பாலம் யார் கணக்கில் இருக்கிறது என்ற கேள்வியிலேயே பல மாதம் ஓடிவிட்டது. வெயிலில் நின்று திரும்பி வந்த நம் பெரியவர்களை நினைத்தால் இன்னும் மனசு கொதிக்கிறது.

மற்ற பழைய பாலங்களைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கரைக்காரர்களும் ஒரே வேனில் மலை ஏறினோம். முதலில் கேரளாவில் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். 1904-ல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய பாலம் அது, இப்போது அதன் மேல் அகலப்பாதை ரயில் போகிறது. அங்கிருந்து புனலூர். கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் 1877-ல் கட்டி முடித்த தூக்குப்பாலம், சுமார் 400 அடி நீளம், மேலே கம்பக மரப் பலகைகள். வண்டிகளுக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் இருக்கிறது, இது நடப்பவர்களுக்கு மட்டும். நம் பாலமும் அதே திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்து வேலைதானே. 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. செங்கோட்டை முகப்பு வளைவில் இருக்கிற அதே சங்கு நம் பாலத்துக் கல்லிலும் தேய்ந்து கிடக்கிறது, நாம்தான் அதன் மேல் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தோம். திரும்பி வரும்போது வேனில் இடிக்கிற பேச்சே எழவில்லை. மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம்: பாலத்தைச் சரிசெய்வது, கனரக வண்டியை இனி விடுவதில்லை.

அப்புறம் பணம். அரசின் நமக்கு நாமே திட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர்தான் கட்ட வேண்டும். தலைக்கட்டு வரி போட்டால் வாங்க முடியாது என்று பலர் சொன்னார்கள். முதலில் தந்தது மகளிர் குழு, அதுவும் யாரும் கேட்பதற்கு முன்பே. அதைப் பார்த்த பிறகு கொல்லத்திலும் புனலூரிலும் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் ஜிபே-யில் அனுப்பினார்கள், முடியாதவர்கள் தங்கள் பங்குக்கு வேலைக்கு வந்தார்கள். கோயில் கொடைக்கு மட்டும்தான் ஊர் கூடும் என்ற பேச்சு பொய்யாகிவிட்டது.

தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினோம். முதல் வேலை தாரைத் தோண்டியது. வருஷா வருஷம் தார் மேல் தார் போட்டதில் பாலத்துக்கு வீண் பாரம் ஏறியிருந்தது, அதைவிடப் பெரிய கேடு, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இருந்த வடிகால் துளைகள் முழுவதும் அடைபட்டிருந்தன. கட்டியவர்கள் மழைத்தண்ணீர் வெளியே போக வழி விட்டிருக்கிறார்கள், நாம் அதை மூடிவிட்டு, உள்ளே இறங்கிய தண்ணீர் கல்லிடுக்கில் இருந்த சுண்ணாம்புக் காரையைக் கரைத்ததைப் பார்த்து "பழைய பாலம், தாங்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தத் துளைகளைத் திறந்த அன்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மறுபக்கம் சொட்டுச் சொட்டாக ஓடையில் விழுந்தபோது நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

சிமெண்ட் பூசினால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும், ஏன் மாதக்கணக்கில் பாதையை அடைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். சிமெண்ட் இறுகிவிட்டால் விட்டுக்கொடுக்காது, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. கல் கொஞ்சம் அசைந்தால் சிமெண்ட் விரிசல் விடும், அல்லது கல்லையே உடைக்கும். சுண்ணாம்பு அப்படியில்லை, ஈரத்தை வெளியே விடும், கல்லோடு சேர்ந்து கொஞ்சம் அசையும். ஆனால் அவசரப்படுத்த முடியாது. காளவாசலில் சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, தண்ணீருக்குள்ளேயே வாரக்கணக்கில் வைத்து, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் விட்டுப் பிசைந்தோம். கோயில் வேலை பார்த்துப் பழகிய கொத்தனார் பதம் பார்த்துச் சொல்லாமல் ஒரு கரண்டிகூட எடுக்க விடவில்லை. பூசிய இடத்தில் ஈரச் சாக்கு போட்டு மூடி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றை வாங்கி வாங்கித்தான் அது மறுபடி கல்லாகிறது. சாக்கு நனைக்கும் முறையைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு நாளும் தவறவில்லை.

அரசஞ்செடியை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் கல்லைப் பிரித்து வேர்வரை எடுத்தோம். நடுக்கண்ணுக்கு அடியில் சாரம் கட்டி, பலகை அடித்து, முட்டுக் கொடுத்தோம். ஓடையில் விழுந்த கல்லைக் கயிறு கட்டி ஏற்றி அதன் பழைய இடத்திலேயே பொருத்தினோம். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கித்தான் நிற்கிறது, ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் தளரும். ஆனிச் சாரல் தொடங்குமுன் முட்டுகளைப் பிரித்த அன்று இரண்டு கரையிலும் கூட்டம். அசையவில்லை.

வாய்க்கால் நடைபாலத்தில் பெரிய வேலையில்லை. சாய்ந்த பலகைக்கல்லை நிமிர்த்தி, அடியில் தூர் வாரினோம், அவ்வளவுதான்.

இனி சில விஷயங்கள். இரண்டு முனையிலும் உயரத் தடுப்புக் கம்பி போட்டிருக்கிறோம், யார் சொன்னாலும் அதைக் கழற்ற விடாதீர்கள். ஒவ்வொரு தையிலும் இடுக்கில் முளைத்த செடிகளைக் கையால் பிடுங்க வேண்டும், சின்னதாக இருக்கும்போதே. தார் போட வருகிறவர்களிடம் முதலில் வடிகால் துளைகளைக் காட்டுங்கள். வரவு செலவு நோட்டு, ரசீதுகளோடு நூலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். மீதிச் சுண்ணாம்பு கோயிலுக்குப் பின்னால் குழியில் தண்ணீருக்குள் இருக்கிறது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். சாரத்துக்குப் பலகை தந்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் பெயர் எழுதி மண்டபத்தில் அடுக்கியிருக்கிறோம்.

திருப்பணிக் குழு சார்பில்,
செயலாளர்