கடைசி ஆளுக்கும் தண்ணீர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் நன்கொடைக்காக நடத்தும் சாலை ஓட்டங்களை விடிகாலை 5 மணிக்கே தொடங்கிவிட வேண்டும். 7 மணிக்கு மேல் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடற்சூடும் இறங்காது.

2 கி.மீ.க்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டாலும், முன்னால் வருபவர்கள் ஆளுக்கு இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். நடந்து வருபவர்களுக்குக் காலிக் கேன்தான் மிஞ்சுகிறது. வெயிலில் அதிக நேரம் இருப்பவர்களே அவர்கள்தான்! தலைக்கு ஊற்றத் தனி டிரம் வையுங்கள். குடிநீரில் மூன்றில் ஒரு பங்கைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கென்று ஒதுக்குங்கள்.

வெப்பத்தாக்கில் நினைவு தடுமாறி விழுந்தவரை, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல், அங்கேயே ஐஸ் தண்ணீரால் குளிர்விக்க வேண்டும்.

டி-ஷர்ட், பதக்கச் செலவு போக நன்கொடையாகச் சேர்ந்த தொகையையும் வெளியிடுங்கள்.

ஓட்டத் தன்னார்வலர்கள்,
சென்னை