என் தோளைத் திருப்பித் தந்தவர்களுக்கு

நேற்று பரணில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன். கீழே வைத்த பிறகுதான் உறைத்தது: வலது தோளைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இனியும் தாமதிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு முறை நழுவிய தோள் இது. முதல் முறை வாலிபால் ஆடும்போது. கடைசி முறை தூக்கத்தில் புரண்டு படுத்ததற்கே! அந்த முதல் நாள், கையை இழுத்து மாட்டிவிடலாம் என்று ஓடி வந்தவர்களைத் தடுத்து, உன் துண்டிலேயே தூளி கட்டி, எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனாய் நண்பா. தெரியாமல் இழுத்தால் எலும்பு முறியலாம், நரம்பு அடிபடலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டாக்டர், நீங்கள் படம் வரைந்து சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. சின்னத் தட்டில் பெரிய பந்து உட்கார்ந்திருப்பதுதான் தோள்மூட்டு. தட்டைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற வளையம்தான் பந்து உருண்டுவிடாமல் காக்கும் வரப்பு. என் வரப்பு முன்பக்கம் பிய்ந்துகிடக்கிறது. பேங்கார்ட் என்ற மருத்துவர் 1923-லேயே இதை விவரித்திருக்கிறார் என்றீர்கள். தட்டின் எலும்பு அதிகம் தேயாததால் சிறு துளைகள் வழியாக ஆங்கர் என்ற நூல் கோத்த சின்ன முளைகளை எலும்பில் பொருத்தித் தைத்தால் போதும், தேய்ந்திருந்தால் 1954-இல் லடார்ஜே என்ற மருத்துவர் சொன்ன முறையில் எலும்புத் துண்டை மாற்றி வைக்க வேண்டியிருக்கும் என்றும் விளக்கினீர்கள்.

அதைவிடப் பெரிய நன்றி, நீங்கள் சொல்லாமல் மறைக்காததற்கு. "இனி நழுவவே நழுவாதுன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். சின்ன வயசு, மோதி ஆடுற விளையாட்டு, எலும்புத் தேய்மானம் இருந்தா மறுபடி நழுவ வாய்ப்பு கூடும். கையை வெளிப்பக்கம் திருப்புறது கொஞ்சம் குறையலாம்" என்றீர்கள். குறைந்துதான் இருக்கிறது, இடது கை திரும்பும் அளவுக்கு வலது கை திரும்புவதில்லை. முன்பே தெரிந்திருந்ததால் அது எனக்கு ஏமாற்றமாகவே இல்லை.

அறுவை சிகிச்சை நடந்த அன்று இரவு, மரத்துப்போன கை என்னுடையதே இல்லை என்று நான் பதறியபோது, அதைத் தலையணை மேல் வைத்து, "ஊசியோட வேலைதான், மரப்பு விட்டுரும். அதுக்கு முன்னாடியே வலி மாத்திரை போட்டுக்கணும்" என்று நேரம் பார்த்து எழுப்பிய செவிலியர் அக்காவுக்கும் நன்றி. உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அம்மா, கையைத் தாங்கும் ஸ்லிங் போட்டிருந்த அத்தனை வாரமும் எனக்குச் சட்டை மாட்டிவிட்டது நீதான். போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். ஒரு நாளும் நீ மாற்றிச் செய்ததில்லை.

பிசியோ மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? குனிந்து கையை ஊஞ்சலாட விட்டதில் தொடங்கி, சுவரில் விரல்களால் ஏறியது, ரப்பர் பட்டையை இழுத்தது என்று மாதக்கணக்கில் போனது. தையல் நன்றாகப் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், பந்தை அடிக்க ஓங்கும் நிலைக்குக் கை போனால் உடம்பு முழுக்க விறைத்துவிடும். அவசரப்படுத்தாமல், தோளின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்து, "நான் பிடிச்சிருக்கேன், தூக்குங்க" என்பீர்கள். நாளுக்கு நாள் அந்த அழுத்தம் குறைந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் கையை ஓங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நீங்கள் இரண்டடி தள்ளி நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தீர்கள். அன்று நான் அழுததற்குக் காரணம் வலி இல்லை மேடம்.

தோளின் பலத்தை அளந்து பார்த்து, அடுத்த வாரம் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். நண்பா, முதல் பந்தை நீதான் எனக்குத் தூக்கிப் போட வேண்டும்.